மரநிழலில் நின்ற முகம்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் அனுமந்தன்பட்டியில் என் திராட்சைத் தோட்டத்தைப் போல் இன்னொன்றைக் காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன். அங்கே இருட்டு நன்றாக இருக்கிறது என்று அமாவாசைதோறும் மதுரையிலிருந்து ஒருவர் டெலஸ்கோப்போடு வருவார். ஒல்லியான மனிதர். பதில் சொல்லுமுன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார்.

கண்ணுக்குத் தெரியாத நெபுலா என்னும் வான்மேகத்தை நூறு முறை படமெடுத்து, மறுநாள் பகலில் மோட்டார் ரூமில் உட்கார்ந்து, அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். கறுப்புக்குள்ளிருந்து செம்பருத்திபோல் ஒன்று மெல்ல எழும்பும்.

அதைப் பார்த்த அன்றே என் ஆத்தாவின் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மலையில் ஏலத்தோட்டத்து வேலையாட்களை நிற்கவைத்து எடுத்தது. ஆத்தா கடைசி வரிசையில், மரநிழலில் நிற்கிறாள். முகம் இருக்கும் இடம் வெறும் கறுப்பு. நான் தவழும்போதே செத்துப்போனவள்.

“கண்ணுக்குத் தெரியாததையே எடுக்கிறீக. எங்காத்தா மொகத்த எடுத்துக் குடுங்க சார். என்ன மெஷின் வேணும்னாலும் வாங்கித் தாரேன்.”

மீதிப் பகல் முழுதும் முயன்றார். சாயங்காலம் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

“ஐயா, நெபுலா தெனமும் வந்து நிக்கும், எத்தனை படம்னாலும் எடுக்கலாம். ஆத்தா படம் இது ஒண்ணுதான இருக்கு. இதுல அவுக மொகத்துல வெளிச்சமே விழுகலய்யா.”

கம்ப்யூட்டர் எந்த முகத்தையும் வரைந்து தரும் என்று பிறகுதான் தெரிந்தது. நான் பார்த்தறியாத முகம். எதை வரைந்து கொடுத்திருந்தாலும் ஆத்தா என்று மாலை போட்டிருப்பேன். அது அவருக்கும் தெரியும். அப்படியும் அந்தக் கறுப்பையே இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தாரே, அந்த மனிதரைக் கும்பிட வேண்டும்போலவும் இருக்கிறது, சண்டை போட வேண்டும்போலவும் இருக்கிறது.