தறிச்சத்தம் என்று நினைத்தது

ஆந்திர எல்லையோரம் நகரியில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் நாலு விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது என்பதால் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். தறி நின்ற பிறகும் அந்தப் பழக்கம் போகாது. பாழாய்ப்போன அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

போன வருடம் சிறுநீரகத்தில் கிருமி என்று காய்ச்சலில் படுத்தேன். கடைத்தெரு டாக்டர் தினமும் ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கியது. காதுக்குள் ஙொய்யென்று ஒரு சத்தம் ஏறியது. கரண்ட் போய்த் தறி நின்றாலும் அது நிற்கவில்லை. தறிக்காரி காதில் இரைச்சல் என்று போய்ச் சொன்னால் டாக்டர் சிரிக்க மாட்டாரா?

"கருவாடு துன்னுக்கினு, நாளெல்லாம் காப்பி குடிச்சிக்கினு இருந்தா காது இரையாம இன்னா பண்ணும்? நிறுத்துக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நிறுத்தினேன். ஊசியை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஃபோன் கெட்டுப்போனது. ஸ்ரீ சிட்டி கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் மகள் கூப்பிட்டால் ஒன்றும் கேட்காது. ரிப்பேர் கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதே அவள் கூப்பிட்டாள். கடைக்காரன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"ஃபோன் நல்லாத்தான் கீதும்மா. உன் பொண்ணு அம்மா, அம்மான்னு கத்திக்கினு கீது."

முகம் பார்த்தே பேசுகிறவளுக்குக் காது போனது எப்படித் தெரியும்? வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

திருப்பதி காது டாக்டர் மாஸ்க் போட்டிருந்தார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் இறக்கினார்.

"காப்பி, உப்பு எல்லாம் சிலருக்கு இரைச்சலைக் கூட்டும்மா. காதை இப்படி அடிக்காது. இது அந்த ஊசி. கிட்னி சரியில்லாதப்ப மருந்து உடம்புலயே தங்கிடும். சத்தம் வந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"திரும்ப வருமா சார்?"

வராது என்று தலையசைத்தார்.

மகள் பிரசவத்துக்கு வந்தாள். பேத்தி பிறந்தாள். ஒருநாள் பிள்ளையை என் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் அந்தப்பக்கம் திரும்பிப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் ஈரத்தலையோடு ஓடிவந்து வாரியெடுத்தபோதுதான் பார்த்தேன். பிள்ளை கத்திக் கத்தி முகம் சிவந்து போயிருந்தது.

"பரவால்லமா" என்றாள்.

அதன் பிறகு குளிக்கப் போகும்போது, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள்.