விண்ணப்பத்தில் எழுதாத பத்தி

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து என் அண்ணன் இறந்தபோது நான் சென்னையில் எம்.எஸ்சி. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் அந்த வாயில் மணல் மேடிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் அலை எழுந்தால் படகைத் தூக்கிப் போட்டுவிடும். மறு வருடம் ஆய்வுக்குத் தலைப்பு கேட்டபோது அந்த மணலைத்தான் கேட்டு வாங்கினேன். வாரம் ஒருமுறை அப்பாவின் படகில் போய் ஆழம் அளந்தேன். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; நான் அளந்து முடிக்கும்வரை படகை நிறுத்திப் பிடித்திருப்பார்.

படிப்பு முடிந்ததும் ஐரோப்பாவில் பிஎச்டி இடம் தேடினேன். அங்கே அது வேலைக்கு ஆள் எடுப்பது போலத்தான். ஒரு பேராசிரியருக்கு ஆய்வுத் திட்டம் கிடைத்தால் ஓர் இடம் அறிவிப்பார்கள். பல்கலைக்கழகப் பக்கங்களைத் தினமும் திறந்து பார்ப்பேன். நான் எழுதிய மின்னஞ்சல்களில் பாதிக்குப் பதிலே இல்லை. வந்தவையும் இரண்டு வரிதான்: இப்போது இடமில்லை, வாழ்த்துகள்.

கல்லூரியில் எனக்கு மூத்தவர் ஒருவர் அங்கே பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு, போஸ்ட்டாக், செய்துகொண்டிருந்தார். அவரைப் போனில் கேட்டேன்.

"ஏன் இந்த ஆய்வுன்னு ஒரு லெட்டர் கேப்பாங்க. அதுல உங்க அண்ணனைப் பத்தி எழுது. படிக்கிறவங்களுக்கு உன்னை ஞாபகம் இருக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. அதுதான் உறுத்தியது.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னா எழுதிக்கினு கீற? படி, கேக்கறேன்."

தமிழில் சொன்னேன். முடிக்கும்வரை கேட்டாள்.

"அவன் செத்தத வச்சா எடம் கேக்கற?" கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"அவனாலதாம்மா இதப் படிக்கிறேன்."

"அது உனக்குத் தெரிஞ்சா போதும்."

அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, ஆழம் அளந்த விதத்தை மட்டும் விரிவாக எழுதி அனுப்பினேன்.

ஓரிடத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் குப்பத்தில் சிக்னல் நிற்காது என்பதால் அனுப்பம்பட்டு என்ற ஊரில் தோழி வீட்டு மாடியறையில் உட்கார்ந்தேன். திரையில் மூன்று பேர். எங்கெங்கே அளந்தாய் என்று கேட்டு, அவர்களில் திட்டத்தை நடத்தும் பேராசிரியை எங்கள் முகத்துவாரத்தின் செயற்கைக்கோள் படத்தை விரித்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அலை உடைந்து வெள்ளையாகத் தெரிந்த இடத்தில்தான் அண்ணனின் படகு கவிழ்ந்தது. அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இணைப்பு போய்விட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, கேட்கிறது. ஒரு நிமிடம் கொடுங்கள்."

தண்ணீர் குடித்தேன். பிறகு ஒவ்வோர் இடமாகக் காட்டி, அந்த வெள்ளை இடத்தின் ஆழத்தையும் மற்றவற்றைப் போலவே சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த பிஎச்டி இடம் வேறொருவருக்குப் போனது. மூன்று நாள் பல்கலைக்கழகப் பக்கங்களைத் திறக்கவேயில்லை. இரண்டு மாதம் கழித்து அதே பேராசிரியை எழுதினார்: இன்னொரு திட்டத்தில் ஓரிடம் வந்திருக்கிறது, வருகிறாயா?

வீட்டில் சொன்னேன். "எத்தினி வருசம்?" என்றார் நைனா.

"நாலு."

தலையை ஆட்டிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மாதான் நின்றாள்.

"அங்க கடல் கீதா?"

"கீதும்மா."

"உள்ள போவியா, அளக்க?"

"போவேன்."

 "லைஃப் ஜாக்கெட்டு குடுப்பாங்க இல்ல, கழட்டாம போட்டுக்கோ" என்றாள்.