கோவிலம்பாக்கத்தில் ஒரு லல்லல்லா

மேடவாக்கம் போகும் ஷேர் ஆட்டோ கோவிலம்பாக்கத்தில் நின்றுவிடுகிறது. சாலையின் குறுக்கே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. இந்த வாரம் தண்ணீர் லாரியே வரவில்லையாம். குடங்களுக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்து பாடுகிறார்கள்: “லாரி வருதா, நாங்க வரவா?”

ஆட்டோவில் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ள, நான் மட்டும் பூரித்துப்போய் இறங்குகிறேன். இந்தப் போராட்டப் பாட்டு எங்கே பிறந்தது என்று தேடித்தான் வருஷா வருஷம் மதுரையில் ரயிலேறித் தாம்பரத்தில் இறங்குகிறேன். குரோம்பேட்டையில் கேட்டால் அஸ்தினாபுரம் என்கிறார்கள். அஸ்தினாபுரத்தில் கேட்டால் கோவிலம்பாக்கம் என்கிறார்கள்.

இங்கே இரண்டாவது அடியில் சொல்லே இல்லை. குடத்தைத் தட்டிக்கொண்டு “லல்லல்லா, லல்லல்லா” என்று ஓங்கிப் பாடுகிறார்கள். எனக்குப் புல்லரிக்கிறது. சொல் பிறப்பதற்கு முந்தைய கோபம் இது என்று மனதுக்குள் ஒரு கட்டுரையே ஓடுகிறது.

ஓரமாக நிற்கும் பெண்ணிடம், பதில் பதிவாகட்டும் என்று போனை நீட்டுகிறேன். “அக்கா, இந்த லல்லல்லா எங்கேருந்து வந்துச்சு?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

“இன்னா சார், போன வருஷம் நீங்கதான வந்து இந்தப் பாட்டு தெரியுமான்னு கேட்டுகினு இருந்தீங்க? தெரியாதுன்னதும் நீங்களே பாடிக் காட்டுனீங்க. ரெண்டாவது வரி மறந்துபோய் லல்லல்லான்னு இழுத்தீங்க. நாங்க அப்படியே புடிச்சிகினோம்.”

மறந்த வரி இப்போது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொல்லிக்கொடுக்க வாயைத் திறக்கிறேன்.

“வேணாம் சார், பாடிடாதீங்க. வர்ற லாரியும் திரும்பிப் போயிடும்.”