பையன் யாரும் இல்லை என்றேன்

என் தங்கையின் பாட்டிலிலிருந்து நான் ஒரு மடக்கு குடித்தேன். பொம்மனஹள்ளி நிறுத்தத்தில் பஸ் ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. காலை எட்டு மணி. நான் பி.காம். கடைசி வருடம், அவள் முதல் பி.யு.சி., அதாவது பதினொன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். ஓசூர் ரோடு வழக்கம்போல அடைத்துக்கொண்டு நின்றது. அவள் மடியில் இருந்த பையிலிருந்து அந்த நீல பாட்டிலை உருவி, தாகத்தில் எதையும் யோசிக்காமல் வாயில் சாய்த்துக்கொண்டேன். தொண்டை பற்றி எரிந்தது. சுற்றிலும் ஆட்கள், துப்ப இடமில்லை, விழுங்கிவிட்டேன். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவள் பாட்டிலைப் பிடுங்கி மூடியைத் திருகினாள். அவள் முகத்தில் பயம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவசரம் மட்டும்தான் இருந்தது.

"அம்மாகிட்ட சொல்லிடாதக்கா. சும்னே ஒரு வாய்தான். இன்னிக்கு கிளாஸ்ல பேசணும்" என்றாள்.

அவளுக்கு அப்போது பதினாறு வயது. எங்கள் வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். அப்பாவுக்கு ஒரு பட்டறையில் வேலை. அம்மா கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசர். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் வருவாள். பத்தாவது வரை தங்கை கன்னட மீடியத்தில் படித்தாள், நல்ல மார்க் வாங்கினாள். அந்த மார்க்கை நம்பித்தான் பெரிய பி.யு. கல்லூரி ஒன்றில் காமர்ஸ் சேர்த்தோம். அங்கே எல்லாம் ஆங்கிலம். முதல் மாதம் வகுப்பில் எழுந்து நின்று தன்னைப் பற்றி நாலு வரி சொல்லச் சொன்னார்களாம். இரண்டாவது வரியிலேயே பின்பெஞ்சில் சிரிப்பு. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் தட்டில் போட்ட சோற்றைத் தொடவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் தோண்டிக் கேட்கவில்லை. புது இடம், பழகிவிடும் என்றார் அப்பா.

அவள் பழகியது வேறு. கூடப் படித்த தோழி ஒருத்தியின் வீட்டு ஷோகேஸில் அந்தப் பெண்ணுடைய அப்பா பாட்டில்களை அழகாக அடுக்கி வைத்திருப்பார். தண்ணீர் நிறத்தில் இருப்பதைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, எடுத்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றி வைத்தால் யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது அவளே சொன்னாள். "குடிச்சா எனக்கு இங்கிலீஷ் வருதுக்கா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயை நானே பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் குடி ஒன்றும் அந்நியமான விஷயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தப்பா வருவார். அப்பாவும் அவரும் ஹாலில் உட்கார்ந்து, சத்தம் போடாமல், "டீசன்ட்டாக" இரண்டு பாட்டில் பீர் குடிப்பார்கள். தங்கை ஏழு வயதில் அப்பாவின் டம்ளரில் விரலை விட்டு நுரையை நக்கி முகத்தைச் சுளித்தபோது வீடே சிரித்தது. இன்னொரு தடவை செய்து காட்டு என்று சித்தப்பா கேட்டார், அவளும் செய்து காட்டினாள். அம்மாவும் கரண்டியும் கையுமாக வந்து நின்று சிரித்தாள். அதனால்தான் அவள் இப்படி ஆனாள் என்று நான் சொல்ல மாட்டேன். எதனால் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்களில் ஒருத்தர்கூட அன்றைக்கு அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

பி.யு.சி. பாதி வருடத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. எந்நேரமும் புதினா மிட்டாய். மாலை நாலு மணிக்கு வந்து படுத்தால் அம்மா வந்து எழுப்பும்வரை தூக்கம். எதற்கெடுத்தாலும் எரிச்சல், உடனே அழுகை. மார்க் சரிந்தது. பழைய பள்ளித் தோழிகள் போன் செய்தால் எடுக்க மாட்டாள். அம்மா இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. இருநூறு மெஷினுக்கு நடுவில் ஒரு தையல் பிசகினால் கண்டுபிடிக்கிறவள் அவள். எல்லாவற்றையும் பார்த்தாள், ஆனால் தப்பாகக் கூட்டிப் பார்த்தாள். பெண் பிள்ளை ஒளித்து வைக்கிறாள் என்றால் அது காதல்தான், வேறென்ன இருக்க முடியும்? தங்கையின் போனை வாங்கி ஒவ்வொரு நம்பராகத் தேடினாள். ஒரு வாரம் பர்மிஷன் போட்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மருந்துக் கடை ஓரமாக நின்று வேவு பார்த்தாள். அந்த வாரம் முழுவதும் அந்த நீல பாட்டில் தங்கையின் தோள்பையில் அவள் கண் முன்னால்தான் இருந்தது. "தண்ணி எடுத்துக்கிட்டியா?" என்று தினமும் கேட்டு அனுப்பியதும் அம்மாதான்.

கடைசியில் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "பெரியவளே, உண்மையைச் சொல்லு. யாராவது பையனா?"

"பையன் யாரும் இல்லம்மா. சத்தியமா" என்றேன்.

அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அம்மா என் தலையில் கை வைத்து, "அது போதும்டி எனக்கு" என்றாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து நான் நல்லது செய்துவிட்டதாகக்கூட நினைத்தேன். தங்கை என்னிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்கிறாள் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நானே பேசி மெதுவாகத் திருத்திவிடலாம் என்று நம்பினேன். எனக்கு வயது இருபத்தொன்று.

அடுத்த கோடையில் எனக்கு ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சேர்ந்து மூன்றாவது வாரம், ஒரு மணி வாக்கில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது தங்கையின் போனிலிருந்து அவள் தோழி பேசினாள். "அக்கா, இவ ஜாஸ்தி குடிச்சிட்டா. வாந்தி எடுத்துட்டுப் படுத்துட்டா. கூப்பிட்டா எழுந்துக்க மாட்டேங்கறா. ஸ்வல்ப பயமா இருக்கு. எங்க அப்பா அம்மா ஊர்ல இல்ல."

நான் என்ன செய்தேன் என்பதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். முகத்தில் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுக்கச் சொன்னேன். தூங்கினால் தெளிந்துவிடும், அஞ்சு மணிக்கு வந்து கூட்டிப் போகிறேன், அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணாதே என்றேன். மூன்று மணிக்கு நானே கூப்பிட்டுக் கேட்டேன். "குறட்டை விடறாக்கா" என்றாள் அந்தப் பெண். எனக்கு உயிர் வந்தது. குறட்டை விடுகிறாள் என்றால் நன்றாகத் தூங்குகிறாள் என்றுதானே அர்த்தம்? போய் என் சீட்டில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். நாலு மணிக்கு மறுபடி போன் வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பேச்சே வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கன்னடத்தில் கேட்டார், எவ்வளவு குடித்திருக்கிறாள் என்று. கழுத்தில் கார்மென்ட்ஸ் அடையாள அட்டையோடு ஓடிவந்த அம்மா, "நம்ம ஹுடுகி ஹாகல்ல டாக்டரே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எங்கள் பெண் அப்படிப்பட்டவள் இல்லை என்றாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டதில் அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. அதன்பிறகு இன்றுவரை அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

பிறகு டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்து விளக்கினார். குரலில் கோபம் இல்லை. எழுப்பினால் எழாத அளவுக்குக் குடித்தவர்கள் தூங்குவதில்லை, அது மயக்கம். அந்தக் குறட்டை மூச்சு திணறுகிற சத்தம். மல்லாக்கப் படுத்திருந்ததால் வாந்தி நுரையீரலுக்குள் போயிருக்கிறது. அந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே இருந்து, உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். "ஒரு மணிக்கே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் எதையோ எழுதத் தொடங்கினார்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். பிழைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும். மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரம் அவளிடமிருந்து எதையெதை எடுத்துக்கொண்டது என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. வலது கை மடங்கியே இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஒரு வார்த்தை சொல்ல நேரமாகும், சொன்னாலும் பாதி நேரம் என்னை அம்மா என்றும் அம்மாவை அக்கா என்றும் கூப்பிடுகிறாள். அம்மா வேலையை விட்டுவிட்டாள். அப்பா அன்றோடு குடியை நிறுத்தினார். இவ்வளவு சுலபமாக நிறுத்தக்கூடியதுதானா அது என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சொந்தக்காரர்களிடமும் அக்கம்பக்கத்திலும் ஃபிட்ஸ் வந்து இப்படி ஆகிவிட்டது என்று அம்மா சொல்லிவைத்தாள். நாங்கள் மறுக்கவில்லை.

போன மாதம் மாடிப்படியில் கீழ்வீட்டுப் பெண் என்னைக் கடந்து போனாள். பத்தாவது படிக்கிறாள். மிட்டாய் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. அன்றைக்கே அவள் அம்மாவைப் பார்த்து, அந்த வாசனையையும் என் தங்கைக்கு உண்மையில் நடந்ததையும் சொன்னேன். பத்து வருடத்தில் வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தம்மா முகம் வெளுத்துவிட்டது. சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் கதவைத் திறந்தேன். உள்ளே அம்மா தங்கைக்குத் தயிர்ச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஃபிட்ஸ்னுதானே நீங்க சொன்னீங்க? உங்க பெரிய பொண்ணு வேற என்னவோ சொல்றாங்களே" என்று என்னைத் தாண்டி அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. "ஃபிட்ஸ்தாம்மா. இவ ஏதோ உளர்றா" என்றாள்.

அந்தம்மா நீளமாக மூச்சுவிட்டாள். அப்போதுதான் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினாள். பிறகு, பரவாயில்லை என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் தங்கையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எல்லாம் போயிடுச்சுடி இவளுக்கு" என்றாள். "நல்ல பேரு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதையும் நீ கெடுத்துடாத."

மறுநாள் காலையில் கீழ்வீட்டுப் பெண் தண்ணீர் பாட்டில் செருகிய பையை மாட்டிக்கொண்டு போவதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். அவள் அம்மா கேட் வரைக்கும் கூடவே வந்து, தெரு திரும்பும்வரை கையசைத்துக்கொண்டு நின்றாள்.