பதினோரு தடவை விடுதலையானவர்

அலுவலகத்தில் அவருக்குக் கரையான் என்று பெயர். முப்பத்தொரு வருடம் பழைய காகிதத்துக்கு நடுவிலேயே குடியிருப்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவரும் கோபித்துக்கொண்டதில்லை. “கரையான் தின்னும், நான் காவல் காக்கறேன். ரெண்டு பேருக்கும் அதே சம்பளம்தான்” என்பார்.

வருவாய் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத நீளமான பதிவறை. இரும்பு அலமாரி இருபத்தாறு. அதில் சிவப்புத் துணி சுற்றி நாடா போட்ட கட்டுகள், வருடத்துக்கு இத்தனை என்று கணக்கு. கட்டைப் பிரித்தால் மேலே அட்டவணைத் தாள் இருக்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் அதில் ஒரு வரிசை எண், ஒரு வரி விவரம். கரையான் படித்தது ஒன்பதாவது, அதையும் இரண்டு தடவை. ஆனால் செத்து நூறு வருடம் ஆன குமாஸ்தாவின் கையெழுத்து கோழி கிண்டிய குப்பை மாதிரி இருந்தாலும், மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கடகடவென்று வாசித்துவிடுவார்.

அவரிடம் ஒரே கெட்ட பழக்கம், அளந்துவிடுவது. காகிதத்தைக் காக்க அறை முழுக்கக் குளிர்சாதனம் வைக்கப்போகிறார்கள், எங்களுக்கெல்லாம் கம்பளிக் கோட்டு கட்டாயம் என்று ஒருநாள் அக்காவிடம் அளந்துவிட்டார். அக்கா தையல்காரி. ஒரு வாரம் உட்கார்ந்து அவர் அளவுக்குக் கோட்டுத் தைத்துக் கொண்டுவந்தாள். விஷயம் தெரிந்ததும் அந்தக் கோட்டாலேயே இரண்டு சாத்து சாத்தினாள். அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள், சாத்த உரிமை உண்டு. அன்றிலிருந்து அவர் வாயிலிருந்து எது வந்தாலும் அவளுக்கு ஒரே பதில்தான்: “சீல் வெச்ச காயிதம் இருக்கா?”

அந்த அக்கா வீட்டுச் சுவரில் அப்படியொரு காகிதம் இருந்தது. கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு விடுதலைச் சீட்டு. பெரிய வீட்டில் அடிமையாக வண்டியோட்டிய முப்பாட்டனை, அடிமை முறையைச் சட்டம் ஒழிப்பதற்கு எட்டு வருடம் முன்னாலேயே, யாரும் கேட்காமலே, அந்த வீட்டு எசமானர் விடுதலை செய்ததற்கு அத்தாட்சி. அக்கா குடியிருப்பதே பெரிய வீட்டுக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் ஒன்று. பெரிய வீட்டுக்காரர்களின் ஆலைக்குச் சீருடை தைப்பதுதான் பிழைப்பு. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சட்டத்தைக் காட்டி, “ஊர்ல எவனுக்கும் தோணாதப்ப இந்தக் கைக்குத் தோணிச்சு பாரு” என்று பெரிய வீட்டுக்காரரின் கையெழுத்தைத் தொட்டுக் காட்டுவாள்.

இந்தப் பெருமைக்கு ஆபத்து ஒரு பேராசிரியை உருவத்தில் வந்தது. பொருளாதார வரலாறு படித்தவர். அடிமைச் சட்டம், அந்தக் காலத்துத் தலைவரி, இன்றைய பணக்காரக் குடும்பங்களின் சொத்து மூன்றையும் ஒரே நூலில் கோத்துப் பார்க்கிறாராம். பழைய கையெழுத்துப் படிக்கத் தெரியாமல் முதல் வாரமே திணறிப்போனார். கரையான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று வருடம் எழுந்திருக்கவில்லை.

அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. வாய் நிறைய “அண்ணே”. மதியச் சாப்பாட்டு டப்பாவில் சரிபாதி. கரையானின் மூட்டுவலிக்கு வெளியூரிலிருந்து தைலம். மேலே உள்ள அதிகாரிகூட அவரை ‘யோவ்’ என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மாள் ஒருவர்தான் அவரைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டவர். கரையான் விழுந்துவிட்டார். வீட்டில் பொண்டாட்டி, “உங்க கட்டைப் பிரிச்சு ஒருத்தி படிக்கறான்னதும் ஆளே மாறிட்டீங்க” என்று குத்திக் காட்டினாள். இவர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

தலைவரிச் சட்டம் இதுதான். வருடத்தில் ஒருநாள், எண்ணும் நாள். அன்றைக்கு ஒரு வீட்டில் எத்தனை அடிமை நிற்கிறானோ அத்தனை தலைக்கு எசமானர் வரி கட்ட வேண்டும். பெரிய வீட்டுக்குக் காடு போல நிலம், ஆனால் எண்ணும் நாளில் வருடா வருடம் ஏழே தலை. ஏழு பேரை வைத்துக்கொண்டு அந்த நிலத்தில் களைகூடப் பிடுங்க முடியாதே என்று அந்த அம்மாள் தலையைச் சொறிந்தார். விடையைக் கண்டுபிடித்தது கரையான். வேறொரு அலமாரியில், யாரும் தொடாத கட்டுகளில், ‘திரும்புச் சீட்டு’ என்று ஒரு வகைக் காகிதம். எண்ணும் நாளுக்கு மறுநாள் தேதி. ‘விடுதலை பெற்ற நான் பிழைக்க வழியின்றி என் சொந்த விருப்பத்தின் பேரில் எசமானரிடமே அடிமையாகத் திரும்புகிறேன்.’ கீழே கைநாட்டு. முந்தின நாள் விடுதலை, மறுநாள் திரும்பி வருகை, நடுவில் ஒருநாள் ராசா. அடுத்த வருடமும் அதே கூத்து. ஒழிப்புச் சட்டம் வந்து, பறிபோகும் அடிமைக்குத் தலைக்கு இவ்வளவு என்று எசமானர்களுக்கு அரசாங்கம் நட்டஈடு கொடுத்தபோது மட்டும் பெரிய வீட்டில் நூற்றுப் பன்னிரண்டு தலை எண்ணி நின்றது. ஆலைக்கு முதலீடு அங்கிருந்து வந்ததுதான்.

கரையான் விழுந்து விழுந்து சிரித்தார். திருட்டு என்றால் இதுவல்லவா திருட்டு! சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டைப் புரட்டினார். வண்டியோட்டி. முப்பாட்டன் பெயர், அவர் அப்பன் பெயர். சிரிப்பு பாதியில் நின்றது. முன் வருடத்துக் கட்டைப் பிரித்தார், அங்கேயும் இருந்தது. பின் வருடத்திலும் இருந்தது. மொத்தம் பதினோரு வருடம். பதினோரு தடவை விடுதலை செய்து, பதினோரு தடவை திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அக்கா வீட்டுச் சுவரில் தொங்குவது அந்தப் பதினொன்றில் ஒன்று.

அக்காவிடம் உண்மையைச் சொல்லத் தைரியமில்லாமல், சட்டத்துக் கண்ணாடி மாற்றித் தருகிறேன் என்று பொய் சொல்லி வாங்கிவந்தார். தேதி சரியாகப் பொருந்தியது, எண்ணும் நாளுக்கு முந்தின நாள். அந்த அம்மாள் அதைப் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அவர் கண்ணில் மினுமினுப்பு. இவர் கண்ணில் தண்ணீர். இரண்டும் ஒன்றுதான் என்று கரையான் நினைத்துக்கொண்டார்.

அந்த நினைப்பில்தான் பதிவறைக்காரன் எவனும் செய்யாத காரியத்தைச் செய்தார். ஒரு கட்டின் காகிதம் இன்னொரு கட்டோடு சேரக் கூடாது என்பது அந்த அறையின் முதல் பாடம். பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் பதினோரு கட்டு கேட்டு, இவர் ஏணியில் ஏறி இறங்கி மூட்டு கழன்றதால், பதினோரு திரும்புச் சீட்டையும் உருவி ஒரே நாடாவில் கட்டி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். கட்டுக்குள் கிடந்தவரை அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு கரையான் வேண்டும். நாடாவில் கட்டிய பிறகு எவன் வேண்டுமானாலும் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

அக்காவிடம் ஒருநாள் சொல்லியே விட்டார். அவள் தையல் மெஷினை நிறுத்தவில்லை.

“கோட்டு விட்ட வாய்தானே இது” என்றாள்.

“இது அப்படி இல்லக்கா. நான் கண்ணால பார்த்தேன்.”

“அந்த அம்மா புஸ்தகம் போடறாங்கன்னியே. அதுல அச்சாகி வரட்டும். அப்ப நம்பறேன். அதுவரைக்கும் பெரிய வீட்டுக்காரங்கள ஒரு வார்த்தை சொன்னே, இந்த வாசப்படி மிதிக்காத.”

ஆகவே கரையான் புத்தகத்துக்காகக் காத்திருந்தார். பேராசிரியை கேட்டபோதுகூட, என் பெயரைப் போட வேண்டாம், பதினொன்றும் வந்தால் போதும் என்றார். “அது இல்லாம புஸ்தகமே இல்லண்ணே” என்று அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துச் சொன்னார். அதற்கு அடுத்த மாதம், சீட்டுகளைப் பதப்படுத்திப் பாதுகாக்க வெளியே அனுப்ப வேண்டும் என்று ஒரு கடிதம் கொண்டுவந்தார். எங்கே என்று கரையான் கேட்கவில்லை. வெளியே போகும் காகிதத்துக்கான பதிவேட்டில் ‘பதினொன்று, ஒரே கட்டு’ என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புத்தகம் எட்டு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. முதல் பக்கத்தில் பெரிய வீட்டு அறக்கட்டளைக்கு நன்றி. கடைசியில் ‘பதிவறை ஊழியர்களுக்கும்’. சரி, பெயர் வேண்டாம் என்றது இவர்தானே. உள்ளே நாற்பத்து மூன்று குடும்பங்களின் வரித் திருட்டு அட்டவணை அட்டவணையாகக் கிழிந்து தொங்கியது. எல்லாம் வாரிசு செத்து, வீடு இடிந்து, கேட்க நாதியில்லாத குடும்பங்கள். பெரிய வீட்டுக்கு அட்டவணையே இல்லை, ஒரு முழுப்பக்கப் படம் இருந்தது. அக்காவின் விடுதலைச் சீட்டு. கீழே அச்சில்: ‘சட்டத்தை முந்திய கருணைக்கு ஓர் அரிய சான்று. பெரிய வீட்டுக் குடும்பச் சேகரிப்பிலிருந்து.’

கரையான் அந்தப் பக்கத்தை மூன்று தடவை வாசித்தார். அச்சுப் பிழையாக இருக்கும் என்றுகூட ஒரு நிமிடம் பார்த்தார் பாவம். பிறகு தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அண்ணே, ஒரே புஸ்தகத்துல எல்லாத்தையும் சொல்லிட முடியாது” என்றார் பேராசிரியை. “பெரிய வீட்டுப் பணம் இல்லன்னா அந்த நாப்பத்து மூணும் வெளிய வந்திருக்காது. அடுத்த புஸ்தகத்துல பார்க்கலாம்.”

“சீட்டெல்லாம் எங்கம்மா?”

“அவங்க ஒரு காட்சிக்கூடம் கட்டறாங்க. அங்க பத்திரமா இருக்கு.”

“யாருக்குப் பத்திரமா?”

மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று அந்த அம்மாள் கேட்டார். கரையான் தொலைபேசியை வைத்துவிட்டார். முப்பாட்டனையாவது எசமானன் ஏமாற்றினான். தன்னை ஏமாற்றியது பாதிச் சாப்பாடு.

அக்காவுக்கும் ஒரு பிரதி போயிருந்தது, பெரிய வீட்டுக்காரர் கையாலேயே. தெருவுக்கே பக்கத்தைத் திறந்து காட்டினாளாம். தம்பி சாப்பிட உட்கார்ந்ததும் புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அச்சுல வந்துடுச்சு. படி.”

கரையான் சாப்பிடாமல் எழுந்து வந்தார்.

நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் பொண்டாட்டியை உட்காரவைத்துப் பதினோரு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கினார். பதிவறை ஆள் தானே மனுப் போட முடியாது. பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் போடலாம். அட்டவணையில் உள்ள காகிதத்தை ஒருவர் கேட்டு, அதைத் தர முடியாமல் போனால், அட்டவணையில் உள்ள வரியை அப்படியே எடுத்தெழுதி, ஏன் தர முடியவில்லை என்று சீல் வைத்துப் பதில் கொடுத்தாக வேண்டும். அது அந்த அலுவலகத்தின் பழைய விதி. யாரும் கேட்காததால் யாருக்கும் ஞாபகமில்லாத விதி.

“முப்பது வருஷத்துல எனக்கு ஒரு கடுதாசி போட்டதில்ல. இப்ப என் பேர்ல பதினொண்ணா?” என்றாள் அவள். ஆனாலும் ஒவ்வொன்றிலும் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்திட்டாள்.

மேலே உள்ள அதிகாரி மனுக்களைப் பார்த்துவிட்டு, வெளியே போகும் காகிதப் பதிவேட்டையும் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

“யோவ், என்னய்யா இது? ‘கட்டுக்குள் இல்லை’ன்னு நான் எழுதிக் குடுத்தா அடுத்த கேள்வி யார் வெளிய விட்டதுன்னுதான் வரும். கையெழுத்து உன்னுது. ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போறவன். பென்ஷன்ல கை வெச்சிடுவாங்க.”

“தெரியும் சார். எழுதுங்க.”

“பொண்டாட்டி பேர்ல மனுப் போட்டு உன் தலைக்கு நீயே கத்தி வாங்கறியா?”

“கத்தி வேணாம் சார், சீல் போதும்.”

அதிகாரி எழுதினார். பதினோரு சீல்.

அன்று சாயங்காலம் கரையான் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் சீருடைக் கழுத்துப்பட்டை தைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் கோட்டுதான் அவள் ஞாபகத்துக்கு வரும் என்று இவருக்குத் தெரியும். பதினோரு காகிதத்தையும் மெஷின் பலகை மேல் வைத்தார். இது பழைய கிறுக்கல் இல்லை, இன்றைய எழுத்து, அவளே படிக்கலாம்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் சீலைத் தடவிப் பார்த்தாள். பிறகு விரல் வைத்துப் படித்தாள். ‘வரிசை எண் முப்பத்தெட்டு. பெரிய வீட்டு வண்டியோட்டி அடிமையாகத் திரும்பிய சீட்டு. அட்டவணையில் உள்ளது. கட்டுக்குள் இல்லை.’ அதில் முப்பாட்டன் பெயர் இருந்தது. அவர் அப்பன் பெயரும், தேதியும் இருந்தன. அடுத்ததை எடுத்தாள். அதிலும் அதே பெயர், வேறு வருடம். ஐந்தாவதுக்கு மேல் விரல் வைக்காமலே படித்தாள்.

கடைசிக் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“நம்ம செவுத்துல இருக்கறது இதுல எத்தனாவது?”

“நாலாவதுக்கா.”

“கடைசி வருஷமாவது நெசமா விட்டாங்களா?”

இவ்வளவு நாள் அளந்துவிட்ட மனிதர். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் அக்கா நம்பியிருப்பாள். கரையானுக்கு அது வரவில்லை.

“கடைசி வருஷம் விடவே இல்ல. அந்த வருஷம் நட்டஈடு. எண்ண வந்தப்ப முன்வரிசையில நிக்க வெச்சிருந்தாங்க.”

அக்கா எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துவந்தாள். பதினோரு காகிதத்தையும் அந்தப் படத்துப் பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, தைக்கிற ஊசியையும் தடித்த நூலையும் எடுத்து, பக்கத்தோடு சேர்த்துத் தைக்க ஆரம்பித்தாள்.

“காலைல பெரிய வீட்டுக்குப் போகணும்” என்றாள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. “நீ வராத. நீ பேசினா நம்ப மாட்டாங்க.”