தோள் தூக்கும் நடிகர்கள்

எங்கள் ஊர் நாடகக் குழுவுக்கு ஐம்பத்தேழு வயது. காகித ஆலைத் தொழிலாளர்கள் பத்துப் பேர் ஆலைக் கிடங்கில் தொடங்கியது. பிறகு நூலக மாடிக்கு வந்து, கடைசியில் தீயணைப்பு வண்டிகள் காலிசெய்துவிட்டுப் போன கொட்டகையில் நிலைத்துவிட்டது. வருஷத்துக்கு நான்கு நாடகம்: ஒரு சிரிப்பு, ஒரு கொலை, ஒன்று குழந்தைகளுக்கு, கடைசியாகக் கனமான ஒன்று. யாருக்கும் சம்பளம் கிடையாது. பல் வைத்தியர் கொலைகாரனாக நடித்தால் மறுநாள் அவர் முன்னால் வாயைத் திறக்க ஆட்கள் தயங்குவார்கள். கண்ட பலன் அவ்வளவுதான்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். குழுவின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எதையும் நோண்டாமல் விடுகிற புத்தி எனக்குக் கிடையாது. அந்த வருஷம் குழு கவிழப் பார்த்தது அந்தப் புத்தியால்தான்.

நோண்டியதில் முதலில் தட்டுப்பட்டது தோள். வசனம் மறந்துபோனால் இந்தக் குழுவில் எல்லாருக்கும் தோள் இரண்டும் காதுவரை ஏறும், மூச்சும் சத்தமாக வாங்கும். நீதிபதியாக நடித்தவருக்கும் ஏறியது, முயல் வேஷம் போட்ட கணக்கு டீச்சருக்கும் ஏறியது. வேறு எந்தக் குழுவிலும் நான் இப்படிப் பார்த்ததில்லை. இது பாணியா, வியாதியா? டீச்சரைக் கேட்டேன். "அதெல்லாம் பழக்கம்" என்று சொல்லிவிட்டு, இல்லாத ஒரு வேலையாக எழுந்து போனார். எனக்கு மண்டை குடைந்தது.

நடிகர்களின் உடம்பை நன்றாக அறிந்தவர் ஒருவர்தான். மேடைக்கு இடப்பக்கம், திரைக்குப் பின்னால், ஒரு நாற்காலியும் சின்ன விளக்குமாக உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவர். மூச்சக்கா என்றால்தான் தெரியும். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறார். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாடகமும் அவர் இல்லாமல் நடந்ததில்லை. அவர் மேடை ஏறியதும் இல்லை.

"ஒரு தடவையாவது நடிக்கணும்னு தோணலையாக்கா?" கடைக்குப் போய்க் கேட்டேன்.

"எதுக்கு? எல்லார் வேஷமும் என் மடியிலதான இருக்கு."

பெயர் வந்த கதையையும் அவரே சொன்னார். "மறந்துட்டு நிக்கிறதும், வேணும்னே நிறுத்துறதும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும் தம்பி. நிறுத்துறவன் மூச்ச வெளியே விடுவான். மறந்தவன் உள்ளே இழுப்பான். அதக் கேட்டுத்தான் கொடுக்கணும். வந்த புதுசுல, ஒருத்தர் மேடையில, மகன் செத்த சேதி கேட்டு அப்படியே உறைஞ்சு நின்னார். மறந்துட்டார்னு நான் அடுத்த வரிய எடுத்துக் கொடுத்துட்டேன். ஜனங்க சிரிச்சிடுச்சு. ரெண்டு மாசம் அவர் என்கிட்டப் பேசல."

"இப்ப இருக்கிறவங்க எப்படி?"

"தங்கமானவங்க. மூணு வருஷமா எல்லாரும் எவ்வளவு நல்லா மூச்சு எடுக்கிறாங்க! தோள் ஏறுறதப் பாத்தே சொல்லிடலாம்."

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். "அது தானா வர்ற மூச்சு மாதிரி தெரியலையேக்கா. வேணும்னே தூக்குறாங்க. யாருக்குக் காட்டுறாங்கன்னுதான் புரியல" என்றேன்.

மூச்சக்கா கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவ சொல்லு." சொன்னேன். அவர் கண் என் உதட்டிலேயே இருந்தது. பக்கத்தில் லென்ஸ் விளிம்பைத் தேய்க்கும் இயந்திரம் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அத்தனை வருஷமாக அது அவர் காதோரம்தான் கீச்சிட்டிருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை ஒத்திகையில் அவர் நேராக மேடை நடுவில் வந்து நின்றார். "எனக்குக் காது கேக்கலன்னு யார் யாருக்குத் தெரியும்?"

முக்கிய வேஷக்காரரான பஸ் டிரைவர் முன்னால் வந்தார். "எல்லாருக்கும் தெரியும்க்கா. மூணு வருஷம் முந்தி நான் மறந்துட்டு நின்னேன். நீங்க புத்தகத்தையே பாத்துட்டிருந்தீங்க. சொன்னா நாற்காலிய விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு பயம். அதான் கண்ணுக்குத் தெரியிற மாதிரி தோளத் தூக்கினோம்."

"என் தெறமைன்னு நெனச்சுட்டு இருந்தேனே" என்றார் மூச்சக்கா. வசனப் பிரதியை மேடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நாலாவது நாடகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. என்னை யாரும் திட்டவில்லை. பல் வைத்தியர் மட்டும், "உங்களுக்குப் பல்லு கில்லு வலிச்சா வாங்க, பாத்துக்கிறேன்" என்றார்.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு மூச்சக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் கதவைத் திறந்தார். "வாப்பா. நான் முணுமுணுக்கிறேன்னு மூணு வருஷமா எனக்குத் திட்டு. கத்திக் கத்தித் தொண்டையே போச்சு" என்று கிசுகிசுத்தார். உள்ளே அலமாரியில், துணிகளுக்கு அடியிலிருந்து மூச்சக்கா ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் காட்டினார். காதில் வைக்கும் கருவி. வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே தம்பி."

"இப்பதான் எல்லாருக்கும் தெரியுமேக்கா."

அவர் என்னை முறைத்தார். "நீ பிழை திருத்துறவனா, பிழை பண்றவனா?" என்று கேட்டு, மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் என்னை அனுப்பிவிட்டார். வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் மிச்ச நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாடகம் மூன்று நாள். முதல் நாள் மாலை, திரை ஏறப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். தலைமுடியை இழுத்துப் பின்னால் முடிந்து, காதில் கருவி பளிச்சென்று தெரிய, யாரையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். இனி ஒருவரும் தோள் தூக்கக் கூடாது என்று டிரைவர் எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இரண்டாம் அங்கத்தில் அவரே மறந்தார். பழகிய உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. தோள் ஏறியது. கூடவே வாயைப் பிளந்து, பாரம் ஏற்றிய பஸ் மேட்டில் ஏறுகிற மாதிரி ஒரு மூச்சை இழுத்தார். கடைசி வரிசையில் ஒரு குழந்தை எழுந்து நின்று பார்த்தது.

மூச்சக்கா திடுக்கிட்டுப் போனார். தோள் ஏறியதைத்தான் அவர் இத்தனை நாளும் பார்த்திருந்தார். அதோடு சேர்ந்து இந்தச் சத்தமும் தனக்காகவே வந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. விரல் சரியான வரியில்தான் இருந்தது. உதடு அசைந்தது, குரல் எழவில்லை. கண்ணீர் பிரதியில் சொட்டியது. அன்று திரை இழுப்பது என் வேலை; கயிற்றைப் பிடித்தபடி எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. டிரைவருக்கு வியர்த்துக் கொட்டியது. அப்புறம்தான் மூச்சக்காவிடமிருந்து வசனம் வந்தது.

திரை விழுந்ததும் மூச்சக்கா நேராக டிரைவரிடம் போனார்.

"மூணு வருஷமா இவ்வளவு சத்தமாவா?"

"உங்களுக்குக் கேக்கணும்லக்கா."

பிரதியைச் சுருட்டி அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு மெதுவா மூச்ச இழுங்க" என்றார். "கேக்கும்."