தொட்டிக்குள் இறங்கிய மாமா

பிள்ளைகளா, நேற்று போனில் உங்கள் மாமாவை இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டினீர்கள். "லீவுக்கு வரும்போது வாளியும் கப்பும் எடுத்துட்டு வாங்க மாமா, ஆத்துக்குப் போணும்லா" என்றீர்கள். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்கு அந்த இரும்பு மூடிதான் கண்ணுக்குள் வந்தது. வாசலில் தரைக்கடியில் இருக்கும் நம் தண்ணீர்த் தொட்டியின் மூடி, சுவரில் சாய்ந்தபடி வெயிலில் கிடந்த மூடி. நான் பத்தாம் வகுப்போடு பட்டறைக்குப் போனவன். கோர்வையாக எழுத வராது. ஆனாலும் இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்களே இருந்தன. அந்தச் சனிக்கிழமை தச்சநல்லூரில் நம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. உங்கள் அம்மாவின் தம்பி, அதுதான் மாமா, துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். என் அக்கா, உங்கள் அத்தை, மதுரையிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தாள். மாடி முழுக்கக் கூழ் வத்தல் காய்ந்தது. மாம்பழம் தின்ற கையோடு பிள்ளைகள் தொட்ட இடமெல்லாம் எறும்பு. காலையில் எல்லோரும் குறுக்குத்துறை ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். சின்ன வயதில் ஒருமுறை ஆறு இழுத்துக்கொண்டு போய் யாரோ முடியைப் பிடித்துத் தூக்கிய ஆள் மாமா. அதிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் அவருக்கு உடம்பு வெடவெடக்கும். மேல்படியில் உட்கார்ந்து கப்பால் மோந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அத்தை விடுவாளா?

"ஏலே, கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்க. இந்தத் தண்ணிக்கா நடுங்குத?"

"நான் பிளேன்ல போனேன் மதினி. நீந்தியா போனேன்?"

படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கோடையில் எப்போது வரும் என்று சொல்ல முடியாத தண்ணீர். அது வந்தால் மூடியைத் திறந்து வைத்து, தொட்டி நிறைகிறதா என்று ஆள் மாற்றி ஆள் எட்டிப் பார்ப்பது நம் வீட்டுப் பழக்கம். எட்டிப் பார்க்க எல்லோரும் உண்டு. மூடுவதற்கு மட்டும், இன்னொருத்தர் பார்க்க வருவார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிட்டுப் போவோம். இன்னொரு பழக்கமும் உண்டு. கடைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும், வாசலில் நிற்கிற பிள்ளையை ஸ்கூட்டி முன்னால் ஏற்றிக்கொள்வார். யாரிடமும் சொல்வது கிடையாது. நம் வீட்டில் யார் பிள்ளையும் எல்லோர் பிள்ளையும்தான். அதை நான் பெருமையாக நினைத்திருந்தேன்.

சாப்பிட உட்காரும் நேரத்தில் அம்மா கேட்டாள்: "சின்னவ எங்க?"

சின்னவளே, உன்னைத்தான். உனக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அடுக்களையில் கேட்டால் கூடத்தில் இருப்பாள் என்றார்கள். கூடத்தில் கேட்டால் மாடியில் என்றார்கள். மாடியில் வத்தலைத் தவிர யாரும் இல்லை. நான் தெருமுனை வரை ஓடி, பார்த்தவர்களையெல்லாம் கேட்டேன். திரும்பி வரும்போது வாசலில் அம்மாவின் அலறல். தொட்டி திறந்து கிடந்தது. நிறைந்த தண்ணீரில் உன் மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணம் மிதந்துகொண்டிருந்தது.

நான் வாசலுக்குள் கால் வைப்பதற்குள் தண்ணீர் மேலே தெறித்தது. உங்கள் மாமா குதித்துவிட்டார், கட்டியிருந்த வேட்டியோடு. தண்ணீர் அவர் தாடை வரைக்கும் நின்றது. நான் குப்புறப் படுத்து போன் விளக்கை உள்ளே பிடித்தேன். உள்ளே ஒரே இருட்டு. அவர் ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவிப் போனார். பிறகு அந்தக் கையையும் விட்டுவிட்டு மூலைக்குப் போனார். பல் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"இங்கன இல்ல அத்தான்" என்றார். மூச்சைப் பிடித்து முங்கினார். எழுந்து இருமினார். "இந்தப் பக்கமும் ஒண்ணும் தட்டுப்படல அத்தான்."

தட்டுப்படவில்லை என்ற சொல்லுக்காக நான் கும்பிட்டேன். அடுத்த அடியில் தட்டுப்பட்டுவிடுமோ என்று நடுங்கினேன். பின்னால் அம்மா சத்தம் நின்றுபோயிருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

அப்போது ஸ்கூட்டி வந்து நின்றது. அத்தை வாழை இலைக் கட்டோடு இறங்கினாள். முன்னால் நீ, வாயெல்லாம் சிவப்பாக, குச்சி ஐஸை நக்கிக்கொண்டு நின்றாய்.

"என்ன எல்லாரும் எழவு வீடு மாதிரி நிக்கிய?" என்றாள் அத்தை.

அம்மா உன்னைப் பிடுங்கி முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு விடாமல் கட்டிக்கொண்டாள். நீ ஐஸ் விழுந்துவிட்டது என்று அழுதாய். எல்லோரும் உன்னையே சுற்றி நின்றோம். அப்புறம்தான் தரைக்கடியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அத்தான்... பிள்ளை வந்துட்டாளா? அப்ப என்னைத் தூக்குங்க அத்தான்."

நானும் அத்தையும் சேர்ந்து தூக்கினோம். தொட்டிக்குள் இறங்கும் குழாயைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க வேண்டியிருந்தது. அவரால் நிற்க முடியவில்லை. தலையைத் துவட்டும்போதுதான் அத்தை உடைந்து அழுதாள்.

"சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா மதினி?" என்று மட்டும் மாமா கேட்டார். அதன்பிறகு இந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. நீங்கள் கேலி செய்தாலும் சொல்லிக்காட்டவில்லை, பார்த்தீர்களா?

மறுநாள் மத்தியானம் கூடத்தில் எல்லோரும் சீட்டை வைத்துக் கழுதை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தோற்றவரைக் கேலி செய்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. நீ அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் மட்டும் வெளியே வந்து, மூடியைத் தூக்கி, பைய உள்ளே இறங்கினேன். தண்ணீர் குறைந்து என் நெஞ்சளவுக்கு இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சதுரமாக ஒரு துண்டு வானம். வீட்டுக்குள் கேட்குமா என்று, நீ கூப்பிடுகிற மாதிரி "அப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். இன்னொரு முறை, சத்தமாகவே கூப்பிட்டேன். கூடத்தில் யாரோ ஜெயித்தார்கள்போல, எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை.

ஏறி வந்து மூடியைப் போட்டேன். சட்டை காயும்வரை அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.